யாருடைய கண்ணால் பார்த்த பாத்திரம்?



ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடரில் முதன்மை நூல்கள் 14, முன்கதை நூல் ஒன்று. முதல் நூலான ‘தி ஐ ஆஃப் தி வேர்ல்ட்’ 1990 ஜனவரியிலும், கடைசி நூலான ‘எ மெமரி ஆஃப் லைட்’ 2013 ஜனவரியிலும் வெளிவந்தன. இந்த 23 ஆண்டுகளில் ஏறத்தாழ 44 லட்சம் சொற்கள், பெயர் சூட்டப்பட்ட மாந்தர் இரண்டாயிரத்துக்கும் மேல். இவர்களில் பிடித்தவர் யார் என்பதே வாசகர் கூடும் இடத்திலெல்லாம் முதலில் எழும் கேள்வி. ஒருவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் பாத்திரத்தின் பெயரைக் கேட்டாலே இன்னொருவர் முகம் சுளிக்கிறார். நைனீவ், எக்வேன், காட்ஸ்வேன் ஆகிய மூவரைப் பற்றிய பேச்சு சண்டையில் முடியாத நாள் அரிது. இதை ஆளாளுக்கு மாறும் சுவை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி நூல்களுக்குள்ளேயே இருக்கிறது: கதை யார் கண்வழியே சொல்லப்படுகிறது, எத்தனை ஆண்டு இடைவெளியில் வந்து சேர்ந்தது, யார் கையால் எழுதப்பட்டது என்பவற்றில்.

ஜோர்டன் கதை முழுவதையும் படர்க்கையில் எழுதினார். ஆனால் எல்லாம் அறிந்த கதைசொல்லி என்று ஒருவர் அதில் அநேகமாக இல்லை. ஒவ்வொரு பகுதியும் ஒரு பாத்திரத்தின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்படுகிறது. அந்தப் பாத்திரம் பார்த்தது, ஊகித்தது, தவறாகப் புரிந்துகொண்டது ஆகியவை மட்டுமே வாசகருக்குக் கிடைக்கும். அந்தத் தவற்றை ஆசிரியர் குறுக்கே வந்து திருத்துவதில்லை. நாயகன் ரேண்ட் தனக்குப் பெண்களிடம் பேசத் தெரியாது என்றும் நண்பன் பெரினுக்குத்தான் தெரியும் என்றும் நினைக்கிறான். பெரினோ அந்தத் திறமை ரேண்டுக்கும் இன்னொரு நண்பன் மாட்டுக்கும் வாய்த்தது என்று நினைக்கிறான். இருவரும் தவறு. இதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளும் வாசகரும், அதே முறையில் சொல்லப்படும் கடுமையான தீர்ப்புகளை அப்படியே உண்மையென நம்பிவிடுவதுண்டு. இந்தத் தொடரைப் பற்றிய பெரும்பாலான சண்டைகளின் வேர் அங்கேதான்.

மாட் காத்தனை எடுத்துக்கொள்ளலாம். பிடித்தவர் பட்டியல்களில் முதலிடத்துக்கு எப்போதும் போட்டியிடுபவன் அவன். முதல் இரண்டு நூல்களில் மட்டும் அவனை விரும்பியவர் மிகக் குறைவு. பாழடைந்த ஷடார் லோகோத் நகரில் சாபம் பிடித்த ஒரு குத்துவாளைத் திருடி, அதன் நஞ்சால் நோயாளியாகி, நண்பர்களையே சந்தேகித்துச் சிடுசிடுக்கும் இளைஞனாகவே அங்கே வருகிறான். அந்த இரு நூல்களிலும் அவனுடைய கண்வழியே ஒரு பக்கம்கூட இல்லை. மூன்றாம் நூலான ‘தி டிராகன் ரீபார்ன்’ (1991) நோய் நீங்கிய பிறகுதான் அவனுடைய மனத்துக்குள் கதவைத் திறக்கிறது. எலும்பும் தோலுமாய் எழுந்து நடப்பவன், வாள்பயிற்சியில் சிறந்த கவின், கலாட் இருவரையும் ஒரு தடியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் வீழ்த்துகிறான். அந்தக் காட்சியோடு அவன் வாசகரின் செல்லப்பிள்ளையாகிறான். அதில் சண்டைக்கு உள்ள பங்கைவிட அவனுடைய உள்குரலுக்கு உள்ள பங்கு பெரிது. தான் வீரன் இல்லை, பொறுப்பு ஆகாது, முதல் வாய்ப்பிலேயே ஓடிவிடுவேன் என்று மனத்துக்குள் முணுமுணுத்தபடியே ஒவ்வொரு முறையும் ஆபத்தை நோக்கித் திரும்பி நடக்கிறான். அந்த முணுமுணுப்பைக் கேட்காமல் அவனுடைய செயலை மட்டும் வெளியிலிருந்து பார்த்திருந்தால் மாட் இன்னொரு போர்வீரன், அவ்வளவுதான்.

நைனீவ் கதை இதைவிடச் செறிவானது. எமண்ட்ஸ் ஃபீல்ட் என்னும் சிற்றூரின் ‘விஸ்டம்’ அவள். மருத்துவச்சியும் வானிலை சொல்பவளும் ஊருக்குப் புத்தி சொல்பவளும் அவளே. வயதில் இளையவள் என்பதால் ஊர் ஆண்கள் தன்னை மதிப்பதில்லை என்ற காயம் அவளுக்குண்டு. ரேண்டின் கண்களுக்கு அவள் ஓயாது திட்டும், பின்னலைப் பிடித்து இழுக்கும் ஒரு பெரியக்கா. ஆண்களைப் பற்றி அவள் பேசும் பேச்சு பலருக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. பின்னல் இழுக்கும் செய்கை வாசகரிடையே கேலிச் சின்னமாகவே ஆகிவிட்டது. அவளுடைய கண்வழியே வரும் பக்கங்களும் உதவுவதில்லை. நைனீவ் தன்னிடமே பொய் சொல்பவள்: கோபமில்லை என்று நினைக்கும்போது கோபத்தில் கொதிக்கிறாள், பயமில்லை என்று நினைக்கும்போது நடுங்குகிறாள். உள்மனம் சொல்வதையும் உடல் செய்வதையும் தனித்தனியே படிக்கத் தெரிந்த வாசகருக்கே அவள் பிடிபடுகிறாள்.

அவளுடைய செயல்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்தால் வேறொரு நைனீவ் தெரிகிறாள். ஊர்ப் பிள்ளைகளைத் திருப்பி அழைத்துவரத் தன்னந்தனியாகப் புறப்பட்டு, லான் போன்ற தேர்ந்த வீரன் மறைத்துச் சென்ற தடத்தையே பின்தொடர்ந்து வந்து அவனை வியக்க வைக்கிறாள். மூவாயிரம் ஆண்டுகளாக யாராலும் ஆகாதென்று எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு ஊனத்தை, மாய ஆற்றல் அறுக்கப்பட்டவரின் ஊனத்தை, ‘லார்ட் ஆஃப் கேயாஸ்’ (1994) நூலில் குணப்படுத்துகிறாள். ஆண்பால் ஆற்றலின் மீது படிந்திருந்த கறையை ரேண்ட் நீக்கும்போது அவனோடு இணைந்திருப்பவளும் அவளே. இறுதிப் போரில் உலகின் விதி நிர்ணயமாகும் குகையில், மாய ஆற்றலைப் பயன்படுத்த வழியில்லாத நிலையில், மூலிகையையும் ஊசிநூலையும் எடுத்து ஒரு உயிரைப் பிடித்து நிறுத்துகிறாள். தொடரின் தொடக்கத்தில் ஊராருக்காகச் செய்த அதே தொழில்தான் அது.

அவளைப் பற்றிய பேச்சில் தவறாமல் வரும் காட்சி ‘நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்’ (2005) நூலில் இருக்கிறது. அழிந்துபோன மால்கியர் நாட்டின் அரசனான லான் தனியாகப் போருக்குப் போய்ச் சாகத் துணிகிறான். அவனை மணந்த நைனீவ் தடுப்பதில்லை. வழியில் சேர விரும்பும் யாரையும் மறுக்கக் கூடாது என்ற வாக்கை வாங்கிக்கொண்டு, அவன் போக வேண்டிய இடத்துக்கு வெகு தொலைவில் அவனை இறக்கிவிடுகிறாள். பிறகு அவனுக்கு முன்னால் ஊர் ஊராகச் சென்று, சிதறிக் கிடக்கும் மால்கியர் மக்களைத் தேடி, அவர்களுடைய அரசன் தனியே சவாரி செய்ய வேண்டுமா என்று கேட்கிறாள். இந்தக் காட்சி நைனீவின் கண்வழியே எழுதப்படவில்லை, லானின் கண்வழியேயும் இல்லை. ஒரு விடுதியில் ரத்தின வியாபாரம் பேசிக்கொண்டிருக்கும் ஆல்ட்ராகோரன் என்ற மால்கியர் வணிகரின் கண்வழியே எழுதப்பட்டது. அவருக்கு அவளுடைய பின்னல் பழக்கம் தெரியாது, ஊர்ச் சண்டைகள் தெரியாது. உள்ளே வந்து நிற்கும் ஒரு ஐஸ் செடாயையும் (மாய ஆற்றலைக் கையாளும் பெண்), தன் மக்களின் அரசியையும் மட்டுமே அவர் பார்க்கிறார். பத்து நூல்களாக நைனீவைக் கடிந்துவந்த வாசகர் பலர் அவளை முதன்முதலாக முழுமையாகப் பார்த்த இடம் இதுவே. ஜோர்டனின் கலையில் இதற்கு நிகரான பக்கங்கள் மிகச் சில.

நாயகனான ரேண்ட் அல்தோருக்கும் இதே உத்தி பயன்பட்டிருக்கிறது. ‘தி டிராகன் ரீபார்ன்’ அவனுடைய பட்டத்தையே பெயராகக் கொண்ட நூல். அதில் அவன் தென்படுவதோ மிகக் குறைவு. ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ (2009) நூலின் இறுதியில் மலையுச்சியில் நின்று தன் வெறுப்பைக் கைவிடுகிறான். அதற்கு அடுத்த நூலில் அவன் பெரும்பாலும் பிறர் கண்களுக்கே தோற்றமளிக்கிறான். அந்நூலின் முதல் அத்தியாயமே ஆல்மன் பண்ட் என்ற விவசாயியுடையது. விளைச்சல் அழுகிய தோட்டத்தில் ரேண்ட் நடந்துவர, ஆப்பிள் மரங்கள் மீண்டும் காய்க்கின்றன. இந்த ஆல்மன் பண்ட்தான் முதல் நூலில் பசியோடு நடந்துவந்த ரேண்டையும் மாட்டையும் தன் வண்டியில் ஏற்றிச் சென்றவர். ரேண்ட் எல்லை மீறிப் புனிதனாகிவிட்டான், நெருக்கம் போய்விட்டது என்று குறைசொல்லும் வாசகர்கள் உணர்வது உண்மைதான்: அவனுடைய மனம் அங்கே வாசகருக்கு அடைக்கப்பட்டிருக்கிறது. மாறிய மனிதனை அவனுடைய வாயால் அல்லாமல், அவனால் நன்மை அடைந்தவர் வாயால் காட்டுவது என்ற முடிவின் விலை அது. கொடுக்கத் தகுந்த விலையே.

எக்வேன் விஷயத்தில் கணக்கு தலைகீழ். அவளுடைய மனம் வாசகருக்கு நிறையவே தெரியும். அதனால்தான் பலர் அவளை மன்னிப்பதில்லை. ‘தி ஃபயர்ஸ் ஆஃப் ஹெவன்’ (1993) நூலில் தன் தவறு வெளிப்பட்டுவிடுமோ என்ற அச்சத்தில் நைனீவைக் கனவுலகில் ஒரு கொடுங்கனவால் மிரட்டி அடக்குகிறாள். அந்தக் காட்சியை நினைவில் வைத்திருப்பவர்கள் அவளுடைய பின்னாளைய பெருமைகளை ஏற்க மறுக்கிறார்கள். எதிர்த்தரப்பு ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ நூலைக் காட்டுகிறது: சிறைப்பட்டு, நாள்தோறும் அடிபட்டு, வளையாமல் நின்று, தாக்குதல் வரும் இரவில் ஐஸ் செடாய்களின் இருப்பிடமான வெள்ளைக் கோபுரத்தைக் காப்பவள். இரு தரப்பும் எடுத்துக்காட்டுவது ஒரே குணத்தைத்தான். தான் செய்வதே சரி என்ற அசையாத உறுதி, தோழியிடம் காட்டும்போது கொடுமையாகவும் பகைவரிடம் காட்டும்போது வீரமாகவும் தெரிகிறது. கழுத்தில் பட்டை பூட்டப்பட்டுச் சான்ச்சன்களிடம் அடிமையாகக் கிடந்த அனுபவம் அவளுக்கு இரண்டாம் நூலிலேயே நேர்ந்துவிட்டது. அதைத் தவிர்த்துவிட்டு அவளுடைய பிடிவாதத்தைப் பற்றிப் பேசுவது அரைகுறைப் பேச்சு.

அடுத்தது காத்திருப்பு. மூன்று நூல்களாக எண்ணப்பட்டுத் தொடங்கிய கதை வளர்ந்துகொண்டே போனது. முதல் ஆறு நூல்கள் 1990க்கும் 1994க்கும் இடையே வந்துவிட்டன. பின்னர் இடைவெளி இரண்டு, மூன்று ஆண்டுகளாக விரிந்தது. 1996இல் வந்த ஏழாம் நூலின் இறுதியில் மாட் மீது ஒரு சுவர் இடிந்து விழுகிறது. 1998இல் வந்த எட்டாம் நூலில் அவன் இல்லவே இல்லை. 2000 வரை அவனுக்கு என்ன ஆயிற்றென்று தெரியாமல் வாசகர் காத்திருந்தார்கள். பெரினின் நிலை இன்னும் மோசம். ‘தி ஷேடோ ரைசிங்’ (1992) நூலில் சொந்த ஊரைக் காக்கப் போராடிய பெரினே அன்று பலரின் முதல் விருப்பம். அடுத்த நூலில் அவனைக் காணோம். பிறகு மனைவி ஃபயீல் சிறைப்பட, அவளை மீட்கும் முயற்சி ஒன்பதாம், பத்தாம் நூல்களில் முடியாமல் 2005இல் வந்த பதினொன்றாம் நூலில்தான் முடிகிறது. வெளிவந்த காலத்தில் படித்தவருக்குப் பெரின் ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று பற்களைக் கடித்துக்கொண்டிருந்த மனிதன். இன்று எல்லா நூல்களையும் அடுக்கிவைத்துப் படிப்பவருக்கு அது சில வாரங்களில் கடந்துபோகும் பகுதி. பழைய வாசகரும் புதிய வாசகரும் பெரினைப் பற்றி மோதிக்கொள்ளும்போது குணத்தைப் பற்றிப் பேசுவதாக நினைக்கிறார்கள். பேசுவது பெரும்பாலும் நாட்காட்டியைப் பற்றித்தான்.

காத்திருப்பு சிலரை உயர்த்தியும் இருக்கிறது. ஐஸ் செடாயான மொய்ரேன் 1993இல் ஐந்தாம் நூலின் இறுதியில் ஒரு வாயிலுக்குள் விழுந்து மறைகிறாள். திரும்பி வருவது 2010இல், ‘டவர்ஸ் ஆஃப் மிட்நைட்’ நூலில். அந்த 17 ஆண்டுகளும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று குறிப்புகளைத் திரட்டி வாதாடிய வாசகர்களுக்கு அவள் வெறும் பாத்திரமாக இருந்திருக்க முடியாது. தாம் மெரிலினுக்கு அவள் எழுதிவைத்துவிட்டுப் போன மடல் நூல்நூலாக அவனுடைய சட்டைக்குள் கசங்கிக் கிடந்தது; அதன் வாசகம் 2005இல்தான் வெளிப்பட்டது. அதே 1993 நூலில் கொல்லப்பட்ட அஸ்மோடியனின் கொலையாளி யார் என்ற கேள்வியும் 17 ஆண்டு நீடித்தது. விடை 2010 நூலின் சொற்பட்டியலில் ஒரு குறிப்பாக, கிரெண்டல் என்ற பெயரோடு வந்தது. ஒப்பீட்டளவில் சிறிய பாத்திரமான அஸ்மோடியனை இத்தனை பேர் நினைவில் வைத்திருப்பது அவனுடைய சாவைப் பற்றிய விவாதத்தால்தான்.

பொறுமையாகப் படித்தவருக்குக் கிடைத்த பரிசு வெரின் மாத்வின். கறைபட்ட விரல்களோடு குறிப்பேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டு, பாதிப் பேச்சில் வேறெங்கோ போய்விடும் பிரவுன் பிரிவு ஐஸ் செடாய் அவள். ஐஸ் செடாய்கள் பொய் சொல்ல முடியாதபடி ஆணையால் கட்டப்பட்டவர்கள். இரண்டாம் நூலில், தன்னை மொய்ரேன் அனுப்பியதாக வெரின் ஒரு சிறு வாக்கியம் சொல்கிறாள். மொய்ரேன் அவளை அனுப்பவே இல்லை. 1990இல் அச்சான அந்த ஒற்றை வாக்கியத்தைப் பிடித்துக்கொண்ட வாசகர்கள், அவள் இருளுக்கு வாக்குப்பட்ட கறுப்புப் பிரிவைச் சேர்ந்தவளா என்று ஏறத்தாழ 20 ஆண்டுகள் விவாதித்தார்கள். ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ விடை தந்தபோது ஆம் என்றவரும் இல்லை என்றவரும் ஒருசேர வென்றார்கள். எக்வேனின் அறைக்கு வரும் வெரின் அவளுடைய உடையின் நிறத்தைப் பற்றி அப்பட்டமான ஒரு பொய்யைச் சொல்லித் தன்னை வெளிப்படுத்துகிறாள். எழுபது ஆண்டுகளாகக் கறுப்புப் பிரிவுக்குள் இருந்து அதன் உறுப்பினர் பெயர்களையெல்லாம் தொகுத்திருக்கிறாள். சாகும் நேரம்வரை காட்டிக்கொடுப்பதில்லை என்பது அங்கே அவள் செய்த சத்தியம். அந்த நேரத்தைத் தானே வரவழைக்க, தேநீரில் நஞ்சு கலந்து குடித்திருக்கிறாள். மொத்தப் பக்கங்களில் மிகச் சிறு பகுதியே பெற்ற ஒரு பாத்திரம், ஒரே அத்தியாயத்தில் பலருடைய பட்டியலின் உச்சிக்குப் போனதற்கு இத்தொடரில் வேறு உதாரணம் இல்லை.

வெரினின் முடிவு வாசகரை அடைந்தபோது அவளைப் படைத்தவர் உயிரோடு இல்லை. ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி என்ற இயற்பெயர் கொண்ட ஜோர்டன், இதயத்தைத் தாக்கும் அமிலாய்டோசிஸ் நோயால் 2007 செப்டம்பர் 16 அன்று காலமானார். விட்டுச்சென்ற குறிப்புகளையும் எழுதி முடித்த பகுதிகளையும் கொண்டு தொடரை நிறைவுசெய்ய, அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹாரியட் மெக்டூகல் பிராண்டன் சாண்டர்சனைத் தேர்ந்தெடுத்தார். ஒரு நூலாகத் திட்டமிட்ட முடிவு மூன்று நூல்களாயிற்று. இந்தக் கைமாற்றம் எல்லாப் பாத்திரங்களையும் ஒரே அளவில் தொடவில்லை. எக்வேனும் பெரினும் வேகம் பெற்றார்கள். மாட்டின் நகைச்சுவை மாறிவிட்டது: முன்பு தான் வேடிக்கையாக இருப்பதே தெரியாமல் சிரிக்க வைத்தவன், இப்போது சிரிக்க வைக்கவென்றே பேசுபவனானான். ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ நூலில் மாட் சரியாக அமையவில்லை என்பதைச் சாண்டர்சனே வெளிப்படையாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எந்த நூலின் மாட் என்று சொல்லாமல் நடத்தும் மாட் விவாதம் அதனால்தான் பயனற்றுப் போகிறது.

செவிவழி வந்தவர்களின் அனுபவம் தனி. தொடரின் ஒலிநூல்களை மைக்கேல் கிராமர், கேட் ரீடிங் இருவரும் பகிர்ந்து வாசித்தார்கள். ஆண் பாத்திரத்தின் கண்வழி வரும் பகுதி கிராமருக்கு, பெண் பாத்திரத்தினுடையது ரீடிங்குக்கு. பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு அச்சு நூல் மறைமுகமாகத் தரும் விடையை ஒலிநூல் முதல் வரியிலேயே குரலால் சொல்லிவிடுகிறது. 2021 முதல் 2025 வரை மூன்று பருவங்கள் ஓடிய திரைத்தொடர் வேறு வழியில் போனது. ரோசமண்ட் பைக் நடித்த மொய்ரேனை அது நடுவில் நிறுத்தியது. முதல் நூல் பெரும்பாலும் ரேண்டின் கண்வழியே நகர்வது; மொய்ரேன் அங்கே நம்பலாமா கூடாதா என்று புரியாத ஒரு புதிர். திரை வழியே வந்தவருக்கு அந்தப் புதிரே கிடையாது. அவர்கள் மொய்ரேனை முதலிலேயே விரும்பிவிடுவதை மேலோட்டமான வாசிப்பென்று பழைய வாசகர் ஒதுக்குவது நியாயமல்ல.

பெலாவைப் பற்றியும் ஒரு சொல். முதல் நூலில் எமண்ட்ஸ் ஃபீல்டிலிருந்து புறப்படும் கட்டைக் குட்டையான அந்த வண்டிக்குதிரை, கடைசி நூலின் போர்க்களம்வரை வந்து அங்கே உயிர்விடுகிறது. அதன் கண்வழியே ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆயினும் பிடித்தவர் பேச்சில் அதன் பெயர் விடுபடுவதே இல்லை.

பிடித்த பாத்திரம் யார் என்ற கேள்வி ஜோர்டனிடமும் அடிக்கடி கேட்கப்பட்டது. அந்த நேரத்தில் தாம் யாரை எழுதிக்கொண்டிருக்கிறாரோ அவரே என்பது அவருடைய விடை. வாசகர் வட்டத்தின் விவாதங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். நைனீவ் எரிச்சலூட்டுகிறாள் என்பவர் எந்த நூலில், யாருடைய பக்கத்தில் என்று சேர்த்துச் சொன்னால், எதிரில் இருப்பவர் மறுக்கவோ ஏற்கவோ ஏதாவது கிடைக்கும். காட்ஸ்வேன் பற்றிய சண்டைக்கு இது இன்னும் அவசியம். ஏழாம் நூலில் நுழைந்து, ரேண்டை அதட்டி நடத்தும் அந்த முதியவளை ரேண்டின் சீற்றத்தின் வழியே மட்டும் அளப்பவரும், அவளுடைய சொந்தக் கவலையின் வழியே அளப்பவரும் வேறு வேறு மனுஷியைப் பற்றிப் பேசுகிறார்கள்.

கதையின் மர்மங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஜோர்டன் சொல்லிவந்த இன்னொரு விடை, படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்பது. அதன் ஆங்கிலத் தலையெழுத்துகளைச் சேர்த்து ‘ராஃபோ’ என்று வாசகர்கள் அதைத் தங்கள் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள். புதிதாக வருபவர் இரண்டாம் நூலில் இருக்கும்போது வெரினைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால், 14 நூல்களையும் முடித்தவர் சொல்ல வேண்டிய விடையும் அதுவே. மொய்ரேன் அனுப்பியதாக வெரின் சொல்லும் அந்த வரியை, யாரும் சுட்டிக்காட்டாமல் தாமே ஒருமுறை கடந்துபோகும் உரிமை அவருக்கும் உண்டு.